கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீங்க!

ஆட்குறைப்பு பற்றி மானேஜரிடம் தனியாகப் பேச, ஹெச்.ஆர். ஜூனியர் ஒருவர் மீட்டிங் அழைப்பு அனுப்புகிறார். பட்டியலில் முதல் பெயரே மானேஜரின் மாஜி பி.ஏ.தான். அழைப்பு அவருக்கும் போய்விடுகிறது! கேட்டால், 'கம்ப்யூட்டர் கோளாறு சார்!'

அபாண்டம். சில சமயம் அனுப்புபவரின் அவசரம் காரணம். இரண்டு எழுத்து அடித்ததும் அவுட்லுக் பழைய முகவரியை நீட்டும், பார்க்காமல் தட்டிவிடுவோம். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறை ஊழியர் ஒருவர் இப்படித்தான் ஒபாமா, மோடி உட்பட 31 தலைவர்களின் பாஸ்போர்ட் எண்களை ஆசியக் கோப்பைக் கால்பந்து அமைப்பாளருக்கு மெயில் செய்தார்.

நம் பி.ஏ. விவகாரம் வேறு. தனக்கு வரும் அழைப்புகளைக் கவனிக்க மானேஜர்தான் அவரை 'டெலிகேட்' ஆக்கியிருந்தார். பி.ஏ. வேறு பிரிவுக்கு மாறியபோது சால்வை போர்த்தினார்களே தவிர, அந்த அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. ஜூனியர் தன் பட்டியலை நூறு தடவை சரிபார்த்தும் பயனில்லை. கிளாசிக் அவுட்லுக் என்றால், மானேஜரின் கணக்கில் 'டெலிகேட் ஆக்சஸ்' பகுதிக்குப் போய்ப் பெயரை எடுக்கணும். ஒரு நிமிஷ வேலை. அப்புறமும் நிற்கவில்லையா, உள்ளே ஒளிந்திருக்கும் பழைய 'ரூலை' ஐ.டி. ஆசாமி தேடிப் பிடுங்கணும்.

ஆனால், 'தப்பு உங்க மெயில்பாக்ஸில்தான் சார்' என்று மானேஜரிடம் யார் போய்ச் சொல்வது? ஜூனியருக்கு மெமோ கொடுப்பது சுலபமாச்சே!