ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் முன்

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் பள்ளி வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையைக் குனிந்து நிற்பான். "உன்னைப் பெத்த வயித்துல ஒரு கல்லைப் பெத்திருந்தா துணி துவைக்கவாவது உதவியிருக்கும்" என்று அம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். "வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்" என்பார் அப்பா. கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் காது மடல் சிவக்க, ரேங்க் கார்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரிப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

'நல்லா உறைச்சிருக்கு' என்று நாம் திருப்தியோடு வீடு திரும்புகிறோம். பெற்றோர்களே, அவன் அடங்கிவிடவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறான்.

2012 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னை பாரிமுனையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. படிப்பு சரியில்லை என்று வீட்டுக்கு எழுதி அனுப்பிய ஆத்திரம் என்று அப்போது செய்திகள் வந்தன. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று நாலு நாள் உச்சுக் கொட்டினோம். பிறகு மறுபடியும் நம் பிள்ளையின் மார்க்கை எண்ணப் போய்விட்டோம்.

அந்தக் கொலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நெருக்கடியில் வளரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் யார் மீதும் கை வைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நெருக்கடி சிலரை எப்படிக் குற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பதை அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் ராபர்ட் அக்னியூ 1992-இல் தெளிவாக எழுதினார். எட்ட முடியாத இலக்கு, கையில் இருந்த நல்லது பறிபோவது, தப்ப முடியாத அவமானமும் அடியும். இவை கோபத்தை மூட்டுகின்றன. அந்தக் கோபத்தைக் கொட்ட நேர்வழி இல்லாதவன் குறுக்குவழியில் இறங்குகிறான். அதிலும் 'எனக்கு அநியாயம் நடக்கிறது' என்று மனதுக்குப் பட்டுவிட்டால் ஆபத்து கூடுகிறது.

"அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கண்டியுங்கள். கடுமை இல்லாமல், ஒரே சீராகக் கண்காணிக்கும் பெற்றோரால் பிள்ளைகள் கெட்டுப்போவதில்லை என்று அதே அக்னியூ 2001-இல் எழுதினார். கெடுப்பது வெறுத்து ஒதுக்குவதும், மிதமிஞ்சிய கடுமையும், நாளுக்கொரு நியாயமும்தான். திங்கட்கிழமை இரண்டு மார்க்குக்காக பெல்ட்டைக் கழற்றுகிறீர்கள். சனிக்கிழமை லைசென்ஸ் இல்லாதவன் கையில் பைக் சாவியைக் கொடுக்கிறீர்கள். எது தப்பு, எது சரி என்று அவன் எதை வைத்துக் கற்றுக்கொள்வான்? 'அடியாத மாடு படியாது' என்று இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்?

வீட்டில் கிடைக்காத மரியாதை தெருமுனையில் கிடைக்கும். அங்கே ஒரு அண்ணன் இருப்பான். மார்க் கேட்கமாட்டான். தோளில் கை போட்டு, "நீ கெத்துடா" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக உங்கள் பிள்ளை அவன் சொன்ன இடத்துக்குப் போவான், அவன் கொடுத்ததைச் சட்டைக்குள் மறைத்து வைப்பான். 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதி வாரியம் பரிசீலித்து, பெரியவர்களைப் போலவே விசாரிக்க அனுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. அதன்பின் வக்கீல் வீட்டு வாசலில் நின்று அழுவதும் நாம்தான்.

அடுத்த ரேங்க் கார்டு வரும்போது, திட்டுவதை வீட்டுக் கதவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையனை இழுக்காதீர்கள். மார்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்தப் பாடம் புரியவில்லை என்று கேட்டுவிட்டு, அவன் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். கதவை ஓங்கிச் சாத்துகிறானா, தம்பியை அடிக்கிறானா, பேச்சையே நிறுத்திவிட்டானா? சாமியாடியிடம் கூட்டிப் போகாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். கூப்பிட்டு, முதலில் நீங்கள் பேசுங்கள்.