ஸ்குரூவைத் திருகும் முன்

முண்டக்கயத்தைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. பெருவந்தானம், முறிஞ்சபுழை, குட்டிக்கானம் என்று வளைந்து வளைந்து பீர்மேட்டை அடையும்போது உயரம் சுமார் 900 மீட்டர். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மூடுபனி வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறிகள் குமுளி வழியாகக் கோட்டயம் பக்கம் இறங்குவது இந்தச் சாலையில்தான். இன்றைய பெயர் தேசிய நெடுஞ்சாலை 183.

இந்த மலையில் விபத்து என்றால் முதலில் எழும் பேச்சு பிரேக் பற்றியது. தஞ்சாவூர் சுற்றுலா முடிந்து திரும்பிய கேரள அரசுப் பேருந்து 2025 ஜனவரி 6 அன்று புல்லுப்பாறை அருகே பள்ளத்தில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தபோதும் அப்படித்தான். பிரேக் ஒரு நொடியில் கைவிடும், அதனால் பயம். ஸ்டியரிங் அப்படியல்ல. மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. டிரைவரின் கையும் அதற்குத் தகுந்தபடி பழகிவிடுகிறது. ஆபத்தே இந்தப் பழக்கம்தான்.

புதிய கனரக லாரிகளில் பவர் ஸ்டியரிங் வந்துவிட்டது. ஆனால் டாட்டா 1210 போன்ற பழைய வண்டிகளின் காலத்தில் எல்லாமே கை பலம்தான். அந்தக் கால ஸ்டியரிங் பாக்ஸ்கள் பலவற்றின் அமைப்பு எளிமையானது. ஸ்டியரிங் தண்டின் அடியில் திருகு வடிவ வோர்ம். அதன் மேல் எஃகு உருண்டைகளில் உருளும் ஒரு நட். நட்டின் பற்கள் செக்டார் ஷாப்டின் பற்களைத் தள்ள, டிராப் ஆர்ம் அசைகிறது. டிராக் லிங்க் வழியாகச் சக்கரம் திரும்புகிறது. பாக்ஸின் மூடியில் லாக் நட்டோடு ஒரு ஸ்குரூ துருத்திக்கொண்டிருக்கும். அதை உள்ளே திருகினால் பற்களுக்கு இடையிலான இடைவெளி குறையும்.

வினையே அந்த ஸ்குரூதான். 'ஸ்டியரிங் ஆடுது' என்று டிரைவர் சொன்னால், லோடை இறக்காமலே, சாலையோரத்தில் பத்து நிமிடத்தில் அதைக் கால் சுற்று திருகி அனுப்பிவிடலாம். ஆட்டமும் குறைந்ததுபோல் இருக்கும். முதலாளிக்கு நடை கெடாது. நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவரை மேலே உட்கார வைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போகிறார். தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் சும்மா இருந்தால் குறை பாக்ஸுக்குள். டிராப் ஆர்ம் உடனே அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் குறை டிராக் லிங்க்கிலோ டை ராட்டிலோ உள்ள பால் ஜாயின்ட்டில். பாக்ஸே சேஸிஸ் மேல் ஆடினால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னும் வீல் பேரிங்கும் தம் கதையைச் சொல்லிவிடும். பல வண்டிகளில் கதை இங்கேயே முடிகிறது; பாக்ஸைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் டிராக் லிங்க்கைக் கழற்ற வேண்டும். சக்கரங்களின் பாரம் இருக்கும்போது பாக்ஸின் உண்மையான இறுக்கம் கைக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணிக்கொண்டே சுற்றி, அதில் பாதி திரும்பி வந்தால் நடு. வோர்ம் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் அதன் பேரிங்கை முதலில் சரி செய்வதே முறை. பிறகுதான் அந்த ஸ்குரூ. நடுவில் வைத்து, ஆட்டம் மறையும் வரை மட்டும். நடுவைக் கடக்கும்போது கைக்கு இலேசான இறுக்கம் தெரிந்தால் போதும். ஸ்குரூ நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முடுக்கி, மறுபடி கோடிக்குக் கோடி சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஏன் நடு? வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்கள் தேய்வது நடுவில்தான். அதனால் தயாரிப்பாளர்களே பற்களை நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் சற்று இடைவெளியோடும் அமைக்கிறார்கள். சக்கரம் திரும்பியிருக்கும்போது அந்த இயல்பான இடைவெளியைக் குறை என்று நினைத்து இறுக்கினால், நடுவுக்கு வரும்போது பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் தானாகத் திரும்ப வேண்டிய ஸ்டியரிங் அப்படியே நிற்கும். டிரைவர் அதை இழுத்து நேராக்க வேண்டும். எதிரே பேருந்து வரும்போது அதற்கு நேரம் இருப்பதில்லை.

ஸ்குரூவை முழுதாக உள்ளே விட்ட பிறகும் ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது உள்ளே கரகரவென்று தெரிந்தாலோ, இனி அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றத்தான் வேண்டும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98வது விதி, ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் இது விளிம்பில் சுமார் 13 சென்டிமீட்டர். இதுவே கடைசி எல்லை. மலை ஏறும் வண்டிக்கு இதைவிட மிகக் குறைவாக இருப்பதே நல்லது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. மழையும் சேறும் நிறைந்த பாதையில் கிழிந்த மூடி எவ்வளவு சீக்கிரம் ஜாயின்ட்டைத் தின்றுவிடும் என்பது பீர்மேடு ஏறும் டிரைவர்களுக்குத் தெரியும்.

முறையாகப் பார்த்தால் ஒரு நாள் நடை போகும். அந்தக் கணக்கை முதலாளி போடுகிறார். வளைவில் தோள் வலிக்க இழுப்பவர் டிரைவர். மறுநாள் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும், பட்டறையில் வேலை நடந்ததா, ஸ்குரூ மட்டும் திருகப்பட்டதா என்று.