நான் சொன்ன பொய்யும் இரண்டு வண்டிகளும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்த வேளையில், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மூத்த மகன் படிப்பை முடித்து உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறான். சம்பளத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு யமஹா ஆர்15 என்னும் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறானாம்.

"தம்பி, அந்த மாதிரிக் குனிந்து ஓட்டும் வண்டிக்காரன் ஒருவன் குறுக்கே வந்துதானே நீங்கள் மால்சேஜ் கணவாயில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டீர்கள்? அதை உங்கள் வாயாலேயே இவனுக்குச் சொல்லுங்கள். வாங்குவதாயிருந்தால் உங்களைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் என்பீல்டு வாங்கட்டும்" என்றார்.

அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அன்பர்கள் பலர் அறிந்தபடி, என்னிடம் மீட்டியர் 350 இருக்கிறது. 2021-இல் கடன் பெற்று வாங்கியது. குரூஸர் என்பார்கள், நெடுந்தொலைவு சாவகாசமாக அமர்ந்து ஓட்டுவதற்கென்று அமைந்த வகை. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டது முதல் அந்தப் பெயரின்மேல் நம்மவர்களுக்கு ஓர் ஊர்ப்பாசம் உண்டு; எனக்கும் உண்டு. பலர் அறியாதது, இரண்டு ஆண்டுகளாக நான் ஆர்15-ஐயும் ஓட்டி வருகிறேன் என்பது. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன என் மைத்துனன், "சும்மா நிறுத்தி வைத்தால் பழுதாகிவிடும் அத்தான், வாரம் ஒருமுறையேனும் ஓட்டுங்கள்" என்று சாவியைக் கொடுத்துச் சென்றான்.

இரண்டின் சக்தியிலும் பெரிய வேறுபாடு இல்லை என்றால் அண்ணாச்சி நம்பமாட்டார். மீட்டியருக்கு 20 குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம். ஆர்15-க்கு 18-க்குச் சற்று அதிகம். வேறுபாடு அது வெளிப்படும் விதத்தில் இருக்கிறது. மீட்டியரின் 349 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே தன் முழு இழுவையையும் தந்துவிடும். நம் சரக்கு ரயில் எஞ்சினைப் போல அவசரமில்லாதது. ஆர்15-இன் 155 சி.சி. எஞ்சினோ 10,000 சுழற்சிக்கு ஏறினால்தான் முழுத் திறனைக் காட்டும். ஆகவே அதன்மேல் அமர்ந்தவனுக்குக் கையை முறுக்கிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. எடையிலும் அது ஏறக்குறைய 50 கிலோ குறைவு. வளைவுகளில், நாம் பார்த்த திசையில் தானே திரும்புவது போன்ற இலகு அதற்கு உண்டு. ஆனால் கல்யாண் ஸ்டேஷன் சாலையின் நெரிசலில் அரைமணி ஊர்ந்தால் உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, ஆபீஸில் பேனா பிடிக்க முடிவதில்லை. என் இல்லாள் அதன் பின்னிருக்கையில் ஒரே ஒருமுறை ஏறினாள். பரண்மேல் ஏற்றி வைத்த பாத்திரம் போல் இருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டாள்.

நிற்க. வண்டி மாறும்போது உலகமும் என்னை மாற்றியே பார்க்கிறது. அதே ஹெல்மெட், அதே ஆள். மீட்டியரில் போனால் எதிரே வரும் புல்லட்காரர் கை உயர்த்தி வணக்கம் தெரிவிக்கிறார், தேநீர்க் கடைக்காரர் "எந்த ஊருக்குப் பயணம்?" என்று விசாரிக்கிறார். ஆர்15-இல் போனால் அந்தக் கை உயர்வதில்லை. சாலையைக் கடக்க நின்ற முதியவர் ஒருவர், நான் வண்டியை நிறுத்தி வழிவிட்ட பின்னும் என்னைத் திட்டிக்கொண்டே போனார். சிக்னலில் இளைஞர்கள் எஞ்சினை உறுமவிட்டு என்னைப் பந்தயத்துக்கு அழைக்கிறார்கள். அதே இளைஞர்கள், மீட்டியரில் இருந்தால் "அங்கிள், ஒதுங்குங்கள்" என்கிறார்கள். முப்பத்தாறு வயதில் அது சற்று வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலியில் ஒரு நாள் நானும் ஆர்15-இல் கையை முறுக்கிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

இனி, மறைத்ததைச் சொல்கிறேன்.

முதல் மழை விழுந்த வாரம் அது. மீட்டியரில் முர்பாடு தாண்டிக் கணவாய் ஏறிக்கொண்டிருந்தேன். முர்பாடில் என்னை முந்திச் சென்ற மூன்று ஸ்போர்ட்ஸ் பைக் வாலிபர்களை மனத்துக்குள் வைதுகொண்டே சென்றேன். வேகம் 40-க்கு மேல் இல்லை. மெதுவாகப் போகிறவனுக்கு என்ன வந்துவிடும் என்ற எண்ணத்தில், வளைவில் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வளைவு நான் நினைத்ததைவிட இறுகியது. வண்டியைச் சாய்த்தேன். கால் வைக்கும் கம்பி தாரில் உரசிக் கிரீச்சிட்டது. பதறி வண்டியை நிமிர்த்தினேன். நிமிர்ந்த வண்டி வளைவை விட்டு நேராக ஓடி, ஓரச் சரளையில் சறுக்கி விழுந்தது. அவ்வளவுதான். குறுக்கே எவரும் வரவில்லை. மேலே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி இறங்கிவந்த அந்த மூவர்தாம் என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஒருவர் கீழ் வளைவில் நின்று லாரிகளை நிறுத்த, மற்றொருவர் ஒரு ஜீப்பை மறித்து என்னை ஏற்றி அனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த உறவினர்களிடமும் சங்க நண்பர்களிடமும், பைக்கில் வந்த பையன் ஒருவன் குறுக்கிட்டதாகச் சொன்னேன். அவர்கள் கேட்க எதிர்பார்த்த பதில் அதுவாகவே இருந்தது. ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. அந்தப் பொய்தான் இப்போது அண்ணாச்சியின் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே நிற்கிறது.

ஆர்15 வாங்கு என்று நான் பையனுக்குச் சொல்லவில்லை. கணவாயில் பந்தயம் விட்டு அழிந்தவர்களையும் நான் அறிவேன். என் முறிந்த எலும்பைச் சாட்சியாக நிறுத்தவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது. இவ்விதழ் வெளிவந்தபின் வரும் முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு இரண்டு வண்டிகளும் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும். முர்பாடு வரை நான் மீட்டியரில், பையன் ஆர்15-இல், திரும்பும்போது மாற்றிக்கொள்வோம். அண்ணாச்சிக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வைத்திருக்கிறேன். போகும்போது என் பின்னால் அமரலாம். வரும்போது மீட்டியரை ஓட்டுவது அவர் மகன்; எந்த வண்டியில் ஏறுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.