கொடி தானாக உரமாகிவிடாது

அறுவடை முடிந்த வயலில் ஹேரி வெட்ச் விதையைத் தூவிவிட்டால் போதும், அடுத்த பயிருக்கு யூரியா மூட்டையே வேண்டாம் என்கிறார்கள் அமெரிக்க இயற்கை வேளாண்மை ஆர்வலர்கள் பலர். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் காட்டுச்செடியாக வளரும் இந்த ஊதாப்பூக் கொடி, இலை நுனியில் உள்ள பற்றுக்கம்பியால் கிடைத்ததைப் பிடித்து ஏறும், பனியையும் தாங்கும். நல்ல கொடிதான். என் சண்டையெல்லாம் அந்தப் ‘போதும்’ மீதுதான்.

பயறுக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். இழுப்பது வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா. வெட்சுக்கும் பட்டாணிக்கும் ஒத்துப்போகிற இனம் சோயாவுக்கு உதவாது. சோயாவுக்கு உரியது இதற்கு உதவாது. உரிய இனம் மண்ணில் இல்லாவிட்டால் விதையில் கலந்துதான் விதைக்க வேண்டும். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்திருந்தால் நீங்கள் வளர்ப்பது வெறும் தழை.

எக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்து சேரும் என்பது அடுத்த வாதம். சேரும், பொறுத்திருந்தால். ஏப்ரல் தொடக்கத்தில் கொடியை அழித்தவருக்கும் மே வரை விட்டுவைத்தவருக்கும் கிடைக்கிற அளவில் பெரிய வித்தியாசம் உண்டு என்று மேரிலாந்து சோதனைகள் காட்டின. அந்தச் சத்திலும் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும்தான் இருக்கிறது. தீவனத்துக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டு மண் வளமாகும் என்று காத்திருப்பது வீண்.

மடக்கி உழுதாலும் கதை முடியவில்லை. வெட்ச் தழையில் தழைச்சத்துக்குக் கரிமம் 10 முதல் 15 மடங்குதான் இருப்பதால் அது சில வாரங்களிலேயே மட்கிவிடும். மக்காச்சோளத்துக்கு நிஜமான பசி எடுக்கும் முன்பே சத்து நைட்ரேட்டாக மாறி, மழையோடு கீழே இறங்கிவிடக்கூடும். இதற்காகத்தான் விவரமறிந்தவர்கள் ரை தானியத்தோடு கலந்து விதைக்கிறார்கள். ரைத் தண்டில் வெட்ச் ஏறி வெயிலைப் பிடிக்கும். ரைத் தாள் மட்கும் வேகத்தைக் குறைக்கும். ஏறுகொடி என்ற குணம் உழவனுக்குக் காசாவது இங்கேதான்.

ஆர்வலர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது பெல்ட்ஸ்வில் அரசு ஆய்வு நிலையத்தின் தக்காளி. 1990களில் ஆரிஃப் அப்துல்-பாக்கியும் ஜான் டீஸ்டேலும் செய்த அருமையான வேலை அது. இலையுதிர்காலத்தில் மேட்டுப்பாத்தியில் வெட்ச் விதைத்து, மே மாதம் வெட்டி, அதே பாத்தியில் மூடாக்காகக் கிடத்தி, அதற்குள்ளேயே நாற்று நட்டார்கள். கறுப்பு பிளாஸ்டிக் விரித்த பாத்தியை விட மகசூல் கூடியது. அதே நிலையத்தின் ஆட்டர் மட்டூ குழு 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி இலைகள் மூப்படைவதும் தள்ளிப்போனது. ஆனால் பாத்தி, நாள், வெட்டும் கருவி எல்லாம் கணக்குப் பார்த்துச் செய்த சாகுபடி இது. தூவிவிட்டுப் போனவர்களின் சாதனையாக இதைக் காட்டுவது அநியாயம்.

களையை அடக்கும் என்பதும் பாதி உண்மை. பென்சில்வேனியாவின் ரோடேல் நிறுவனம் பிரபலப்படுத்திய பட்டை பொருத்திய உருளையால் கொடியை நசுக்கிச் சாய்க்கிறார்கள். பூக்கும் முன் உருட்டினால் மறுபடி எழுந்துகொள்ளும். காய் முற்றவிட்டாலோ கடினத்தோல் விதை உதிர்ந்து, மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கி, பின்னால் கோதுமைக்கு நடுவே முளைக்கும். களையை அடக்க வந்ததே களை!

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, காட்டுச்செடிதானே, மாட்டுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லும்போதுதான். பூக்கும் பருவத்தில் ஹேரி வெட்சில் மேய்ந்த மாடுகளுக்குத் தோல் தடித்து, அரிப்பெடுத்து, முடி கொட்டி, கழிச்சலும் கண்டதை ஓக்லஹோமா கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேய்ந்த மந்தையில் சில மாடுகளுக்கே வரும். வந்தவற்றில் பல பிழைப்பதில்லை. மூன்று வயது தாண்டிய ஹோல்ஸ்டீன், ஆங்கஸ் மாடுகளுக்கு ஆபத்து அதிகம். பால்மாடு வைத்திருப்பவர் பூத்த வெட்ச் வயலில் அதை அவிழ்த்துவிடக் கூடாது.