கடைசியாக வந்த சோடி

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் மாட்டுவண்டிச் சவாரி பற்றிய செய்திகளை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. ஆனால் எழுதிய விதம் நன்றாக நினைவில் இருக்கிறது. எந்தத் திடல், எந்தச் சங்கம், யார் தலைமை, யார் பிரதம விருந்தினர், ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்ற சோடிகளின் உரிமையாளர்கள் யார் யார். பத்து வரியில் செய்தி முடிந்துவிடும். இடம் போதாவிட்டால் மூன்றாம் இடத்தை வெட்டுவோம். பிரதம விருந்தினரை ஒருபோதும் வெட்டியதில்லை.

அந்தப் பத்து வரிகளுக்குள் வராத ஒரு மனிதரைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது.

போர் முடிந்த சில ஆண்டுகளின் பின்னர், வட்டுக்கோட்டைப் பக்கம் நடந்த ஒரு சவாரியில் அவரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். அவருடைய சோடி கடைசியாக வந்திருந்தது. மாடுகளை அவிழ்த்து, வேப்பமர நிழலில் கட்டி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குறிப்புப் புத்தகத்தோடு போவதைக் கண்டு கூப்பிட்டார்.

"ஐயா பேப்பர்காரர்தானே? ஆறு வருசமா ஓடுறன். ஒருக்காவெண்டாலும் என்ரை பேர் உங்கடை பேப்பரிலை வரேல்லை. இனி இதுகளை வித்துப்போட்டு மகனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் குடுக்கப்போறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் பிரதம விருந்தினரைத் தேடிப் போனேன். அடுத்த ஆண்டு அதே திடலில் அவரைக் காணவில்லை. பக்கத்து வண்டிக்காரரிடம் விசாரித்தேன். "வித்துப்போட்டான்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "வேறை ஆருக்கு? இறைச்சிக்குத்தான்."

அந்தப் பதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். யாழ்ப்பாணத்தில் 'சவாரி' என்ற சொல் தனியே நின்றால் அது மாட்டுவண்டிச் சவாரியையே குறிக்கும். இரட்டை மாடு பூட்டிய வண்டில்கள் திடலில் ஒன்றையொன்று முந்தி ஓடும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோயில் திருவிழா என்பவற்றை ஒட்டி நடைபெறும். இதை ஒழுங்கு செய்பவர்கள் ஊர்ச் சங்கத்தவர்கள். ஓடுபவர்கள் கமக்காரர்கள், கூலிக்குச் செல்பவர்கள், கடைக்காரர்கள். இதனாற் பிழைப்பவர் எவருமில்லை. ஆண்டு முழுவதும் புண்ணாக்கும் தவிடும் உழுந்தும் வாங்கிப் போட்டு, பனையோலை கிழித்துக் கொடுத்து, விடியற்காலையில் நடத்திப் பழக்கி, ஒரு சில நிமிடங்கூட நீடிக்காத ஓட்டத்துக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் இவர்கள்.

இந்த விளையாட்டு எத்தனையோ இடர்களைக் கடந்து வந்திருக்கிறது. உழவு இயந்திரம் வந்து ஏரிலிருந்து மாட்டை விலக்கியது. பாரவூர்தி வந்து வண்டிலை ஒதுக்கியது. 1990 இல் மீண்டும் போர் மூண்டு, பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 'எம்.டி. 90' வண்டியை உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோலைச் சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம் அது. அந்நாட்களில் வண்டில் மாட்டுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. பின்னர் 1995 ஒக்ரோபர் 30 வந்தது. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, கொண்டுபோக வழியில்லாத மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு நடந்தவர்கள் ஏராளம். 2009 இல் போர் ஓய்ந்தபின் சவாரித் திடல்கள் மீண்டும் உயிர்பெற்றன. இயந்திரத்தையும் தடையையும் இடப்பெயர்வையும் தாங்கிய ஒரு விளையாட்டு இப்போது எதனால் மெலிகிறது?

தோற்பவர்கள் திரும்பி வராமையினால் என்பதே என் பதில்.

எந்தப் பந்தயத்தையும் வென்றவர் நடத்துவதில்லை. இருபது சோடி ஓடும் திடலில் மூவருக்கே பரிசு. மற்றப் பதினேழு பேரும் வந்தாற்றான் அந்த மூவரின் வெற்றிக்குப் பெறுமதி உண்டு. அந்தப் பதினேழு பேருக்கும் நாம் என்ன கொடுக்கிறோம்? ஏற்றியிறக்கும் செலவு அவர்களுடையது. தீவனச் செலவு அவர்களுடையது. ஒலிபெருக்கியில் கேலி வேறு. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு பொறுப்பார்கள். பின்னர் மாட்டை விற்பார்கள். ஏர் உழாத, பாரம் இழுக்காத எருதை வாங்க இன்று சவாரிக்காரரை விட்டால் இறைச்சிக்காரர்தான் இருக்கிறார். ஆகவே ஓர் அமெச்சூர் போட்டியாளன் மனம் வெறுத்து ஒதுங்குவது மற்ற விளையாட்டுகளில் ஓர் ஆள் குறைவு மாத்திரமே. இங்கே இரண்டு உயிரும் சேர்ந்து போகின்றன.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. உலகெங்கும் கழக மட்டத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துவோரும் இதே கேள்வியோடு மல்லாடுகிறார்கள். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள மான் தீவில் 1907 முதல் புகழ்பெற்ற வீதிப் பந்தயம் நடந்துவருகிறது. தொழில்முறை ஓட்டுநர்களோடு மோதிச் சாதாரண ஆர்வலர்கள் வெல்ல முடியாது என்று கண்டு, 1923 இல் அவர்களுக்கெனத் தனிப் போட்டியொன்றை அதே பாதையில் தொடங்கினார்கள். 1930 முதல் அது மாங்ஸ் கிராண்ட் பிறீ என்று அழைக்கப்படுகிறது. பிரித்தானியக் கழகப் பந்தயங்களில் புதியவர் ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து ஓட வேண்டும். குறித்த எண்ணிக்கையான ஓட்டங்களை ஒழுங்காக முடித்து, அதிகாரியின் ஒப்பம் பெற்ற பின்னரே அதைக் கழற்றலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பம் வெற்றிக்கு அன்று, ஒழுங்காக ஓடி முடித்தமைக்கு. கடைசியாக வந்தவனும் அன்று வீட்டுக்குக் கொண்டுபோக ஏதோ ஒன்று இருக்கிறது.

அதைவிட நமக்கு நெருங்கிய உதாரணம் இந்தோனேசியாவில் இருக்கிறது. ஜாவாவுக்குப் பக்கத்திலுள்ள மதுரா தீவில் 'கராப்பான் சாப்பி' என்னும் இரட்டை மாட்டுப் பந்தயம் பெயர்பெற்றது. அங்கே முதற்சுற்றிலே தோற்ற சோடிகளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. வென்றவர்கள் ஓர் அணி, தோற்றவர்கள் ஓர் அணி எனப் பிரித்து, இரண்டு அணிக்குள்ளும் தனித்தனியே இறுதிவரை ஓட விடுகிறார்கள். தோற்றவர்களுள்ளும் ஒரு முதல்வன் உண்டு. அவனுக்கும் பரிசு உண்டு. எவ்வளவு எளிய ஏற்பாடு!

தமிழகத்திலும் மாட்டு வண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரிக்கிறார்கள். நம் திடல்களிலும் பிரிவுகள் உண்டு. ஆனால் அவை மாட்டைப் பார்த்து வகுக்கப்படுபவை. நாணயக் கயிற்றைப் பிடிப்பவன் நேற்று வந்தவனா, முப்பது ஆண்டு ஓடியவனா என்று எவரும் பார்ப்பதில்லை.

இனி, பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இது வெளிநாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு.

ஊர்ப் பற்றினால் நீங்கள் அனுப்பும் அன்பளிப்பைக் குறைகூற நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் பல விளையாட்டு விழாக்கள் நடந்தே இரா. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருமிடத்தைச் சிந்தியுங்கள். முதற் பரிசைப் பெரிதாக்குவதற்கே பெரும்பாலும் கொடுக்கிறீர்கள். பரிசு பெருக்கப் பெருக்க, வசதியுள்ளவர் வென்ற சோடியை விலைக்கு வாங்கி அடுத்த திடலிலும் வெல்கிறார். கன்றிலிருந்து வளர்த்தவர் பார்வையாளராகிறார். மாட்டின் முதுகிலும் துன்பம் ஏறுகிறது. துவரங்கேட்டியில் ஆணி வைத்துக் குத்துவதும் வாலைக் கடிப்பதும் பெரிய பரிசுக்காகவே, பொழுதுபோக்குக்காக அன்று.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். 'வாயில்லாச் சீவனை வதைக்கும் விளையாட்டு அழிந்தால் அழியட்டுமே, அதைத் தூக்கி நிறுத்த வேண்டுமா?' இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் சல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயங்களையும் தடைசெய்தது இதன் பொருட்டே. 2017 சனவரியில் மெரீனாக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. இலங்கையிலோ விலங்கு வதைக்கெதிரான சட்டம் 1907 இல் பிரித்தானியர் இயற்றியது. நூறு ரூபாத் தண்டத்துக்கு ஆணிக்கேட்டி அஞ்சாது. சட்டத்துக்குக் காத்திராமல் சங்கங்களே விதி வகுக்க வேண்டும். இரத்தம் கசிந்த மாட்டின் சோடி முதலாவதாக வந்தாலும் தோற்றதாகக் கொள்ளப்பட வேண்டும். வதை ஒழியாமல் இந்த விளையாட்டு நிலைக்கவும் கூடாது, நிலைக்கவும் மாட்டாது.

மற்றொரு மறுப்பும் உண்டு. 'எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் போட்டி எதற்கு?' நான் எல்லோருக்கும் பரிசு கேட்கவில்லை. எல்லோருக்கும் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் கேட்கிறேன். சங்கங்களுக்கு என் யோசனை இவ்வளவே. முதன்முறை வருபவர்களுக்குத் தனி ஓட்டம் வையுங்கள்; அதில் வென்றவர் அடுத்த முறை மேற்பிரிவுக்குப் போகட்டும். மதுராக்காரரைப் போலத் தோற்றவர்களுக்கு இரண்டாம் சுற்று வையுங்கள். ஒரு நாட் பரிசைக் குறைத்து, ஆண்டு முழுவதும் எல்லாத் திடல்களுக்கும் பொதுவான புள்ளி முறையைக் கொண்டுவாருங்கள். தவறாமல் வந்து, மாட்டை வதையாமல் ஓடி முடித்தவருக்கும் அதில் புள்ளி இருக்கட்டும். அன்பளிப்பின் ஒரு பங்கை, வந்த அனைவருடைய ஏற்றுகூலிக்கும் ஒரு மிருக வைத்தியருக்கும் ஒதுக்குங்கள்.

திடலின் இருபுறமும் கயிறு கட்டுங்கள். வண்டில்களோடு ஒட்டி மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த மோட்டார் பந்தயத்தில் கார் ஒன்று தடம்மாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்ததை மறக்கலாமா? அந்த இளைஞர்களை விரட்டச் சொல்லவில்லை. வேகத்தில் ஆசையுள்ள அவர்களையே கயிற்றருகே காவலுக்கு நிறுத்துங்கள்; புதியவர் ஓட்டத்தில் ஏறச் சொல்லுங்கள். அவர்களுள் ஒருவன் நாளை மாடு வளர்க்கக்கூடும்.

பத்திரிகையில் இருக்கும் இளைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓடிய சோடிகள் அனைத்தினதும் உரிமையாளர் பெயர்களைப் போடுங்கள். இருபது பெயர்களுக்கு ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். இடம் போதாவிட்டால் பிரதம விருந்தினரின் உரையை வெட்டுங்கள். அவர் கோபிக்கக்கூடும், ஆனால் மாட்டை விற்கமாட்டார்.

வேப்பமர நிழலில் மாடு துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அன்று நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டு, 'இவர் ஆறாவது ஆண்டாக ஓடினார்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் மாட்டை விற்காமல் இருந்திருப்பாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்கு அன்றைய பக்கத்தில் இடமிருந்தது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.