புற்றுநோய் பரவுவது தலைவிதியா?

புற்றுநோய் கண்ட ஒருவருக்கு வைத்தியர்கள் கட்டியை அறுத்தெடுத்து, அவர் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சுகமாயிருந்த பிறகு, ஈரலிலோ எலும்பிலோ மூளையிலோ மறுபடியும் அதே நோய் கிளம்புவதுண்டு. உடனே வீட்டார் "தலையெழுத்து" என்கின்றார்கள். பக்கத்து வீட்டார் "பூர்வஜென்ம பாவம்" என்கின்றார்கள். இன்னும் சிலர் "கத்தி பட்டதால்தான் பரவிற்று, தொடாமலே விட்டிருக்கலாம்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போகின்றார்கள். இப்படிச் சொல்லுகின்றவர்களில் ஒருவராவது அந்த நோய் உடம்புக்குள் நடந்துபோனதைப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம்.

பார்த்தவர்கள் இருக்கின்றார்கள். ஆனால் அவர்கள் ஞானதிருஷ்டியால் பார்த்தவர்கள் அல்லர். கருவியைக் கொண்டு பார்த்தவர்கள். அவர்கள் கண்டது இன்னதென்பதையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

புற்றுநோயால் சாகின்றவர்களில் பெரும்பாலோர் முதலில் தோன்றிய கட்டியால் சாவதில்லை. அதிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் வேறு உறுப்புகளில் குடியேறுவதாலேயே சாகின்றார்கள். இது எப்படி நடக்கின்றது என்று அறிய வெகுகாலம் வரை பிணங்களே ஆதாரமாயிருந்தன. 1889-இல் இங்கிலாந்து வைத்தியர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் மாண்ட 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, அந்நோய் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவாகப் பரவவில்லை என்று கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கொண்ட முடிவு.

ஆனால் பிணத்தைப் பார்த்துச் சொல்லுவதென்பது, சந்தை கலைந்த பிறகு வெறும் மைதானத்தைப் பார்த்து, யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று சொல்லுவதைப் போன்றதேயாகும். வெட்டிச் சாயமேற்றிய சதைத் துணுக்கில் உயிரணு நிற்கும் இடம் தெரியுமேயல்லாது, அது வந்த வழி தெரியாது. ஆகவே உயிருள்ள உடம்புக்குள்ளேயே பார்க்கவேண்டியது அவசியமாயிற்று.

1920-களில் அமெரிக்காவில் முயலின் காதில் ஒளி புகும் சிறு ஜன்னல் ஒன்றைப் பொருத்தி இரத்தக் குழாய்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1958-இல் சம்னர் வுட் என்பவர் அப்படிப்பட்ட ஜன்னல் வழியாகவே, புற்றணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு பிறகு வெளியேறுவதைக் கண்டார். 1990-இல் கார்னெல் சர்வகலாசாலையில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் என்ற மூவர், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியால் சதையை அதிகம் கெடுக்காமல் அதன் ஆழத்தைப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பைச் செய்தார்கள். இது ஒரு புறம். மற்றொரு புறம், சொறி என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல் ஜந்துவின் ஒரு வகையிலிருந்து, பச்சையாய் ஒளிரும் புரதத்தை 1962-இல் ஷிமோமுரா பிரித்தறிந்தார். 1994-இல் சால்ஃபி அதை வேறு உயிர்களின் அணுக்களிலும் ஒளிரச் செய்தார். சியென் என்பவர் பல நிறங்களில் ஆக்கினார். மூவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விரண்டும் சேரவே, உயிருள்ள எலியின் கட்டிக்குள் புற்றணுக்கள் விளக்கேந்தி நடப்பவைபோல் தெரியலாயின. அதைச் சினிமாப்படம்போல் எடுக்கவும் முடிந்தது.

அதில் கண்டதென்ன? நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வைத்தியக் கல்லூரியில் ஜான் கண்டீலிஸ் குழுவினர் பார்த்தபோது, காவற்காரனே திருடனுக்குக் கதவு திறந்துவிடும் காட்சி கண்ணில் பட்டது. கிருமிகளை விழுங்கி உடம்பைக் காக்கவேண்டிய பெருவிழுங்கி என்னும் அணு ஒரு ரசாயனத்தைச் சுரந்து புற்றணுவை இழுக்கின்றது. புற்றணுவோ வேறொரு ரசாயனத்தால் பெருவிழுங்கியை அழைக்கின்றது. இரண்டும் இரத்தக் குழாயண்டை வந்து சேர்ந்த இடத்தில், குழாய்ச் சுவர் சிறிது நேரம் கசிகின்றது. அந்தச் சமயத்தில் புற்றணு உள்ளே நுழைந்துவிடுகின்றது. நுழைவதை 2007-லும், சுவர் கசிவதை 2015-லும் வெளியிட்டார்கள்.

அப்படி நுழைந்தவையெல்லாம் பிழைக்கின்றனவா? இல்லை. 1970-இல் ஃபிட்லர் என்பவர் அடையாளமிட்ட புற்றணுக்களை எலியின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்ததில், ஒருநாள் கழிவதற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடில்லை. 2010-இல் ஜெர்மனியில் விங்க்லர் குழுவினர் எலியின் மூளையைப் பல வாரங்கள் பார்த்ததில், அணு குறுகலான கிளைக்குழாயில் தங்கவேண்டும், வெளியேறவேண்டும், குழாயை ஒட்டியே இருக்கவேண்டும், அதைச் சார்ந்து வளரவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அணு மாண்டுபோகின்றது என்று கண்டார்கள்.

இப்போது தலையெழுத்துக்காரர்களை ஒன்று கேட்கின்றோம். எழுத்தென்று ஒன்று இருந்தால், ஆயிரம் அணுக்கள் சாவதும் ஒன்று பிழைப்பதும் ஏன்? ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் இருக்கின்றது. காரணம் இருக்குமிடத்தில் தடுக்க வழி தேடலாம். விதி என்றுவிட்டால் அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கத்தியைப் பழிப்பவர்களும் யோசிக்கட்டும். கட்டியை ஒருவரும் அறுக்காதிருக்கும்போதே அணுக்கள் தாமாக வெளியேறியதைத்தான் மேற்கண்ட படங்கள் காட்டின. தொடாமல் விட்ட கட்டி சும்மாயிருப்பதில்லை.

"இதெல்லாம் எலியின் கதைதானே" என்று சிலர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதனாலேயே 2009-இல் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் கட்டித் துணுக்குகளில், புற்றணு, பெருவிழுங்கி, குழாய்ச் சுவரணு ஆகிய மூன்றும் கூடிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். அவ்விடங்கள் அதிகமாயிருந்தவர்களிடம் நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியதும் அதிகமாயிருந்தது. ஆயினும், நாளைக்கே நோய் ஒழிந்துவிடுமென்று நாம் சொல்லவரவில்லை. அக்கருவி பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஆழமே. பார்க்கவேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கின்றது.

நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். நோய் இரகசியமாக நடப்பதால்தான் பயமும் பொய்யும் அதைச் சுற்றி வளர்ந்தன. இப்போது அது நடக்கும் பாதையில் வெளிச்சம் விழுந்துவிட்டது. ஆகவே, உடம்பில் ஆறாத புண்ணோ காரணமில்லாத கட்டியோ கண்டால், நேர்த்திக்கடன் செலுத்தி மாதங்களைக் கழிக்காமல், அன்றே வைத்தியரிடம் போய்க் காட்டுங்கள். மார்பில் கட்டி என்று சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் தாய்மாரிடமும் சகோதரிகளிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அணுக்கள் வெளியேறுமுன் கட்டி வெளியேறவேண்டும். அதற்கு நல்ல நாள் பார்க்கவேண்டியதில்லை.