தங்கி நிற்போரே தேவை

இளையோரின் நம்பிக்கையை நாடிச் செல்லும் பணியாளர் எவராயினும், அதே வாயிலுக்குத் தமக்கு முன் வந்தவர்கள் யாவர், அவர்கள் சொன்னது எது, செய்துவிட்டுப் போனது எது என்பவற்றை அறிந்த பின்னரே படியேறுதல் கடன். வட இலங்கையின் வன்னியில் அக்கடன் மிகக் கனமானது.

இறுதிப் போர் நடந்த 2008 செப்டெம்பரில், வெளியேறுமாறு அரசு பணித்ததை அடுத்து ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் புறப்பட ஆயத்தமானபோது, கிளிநொச்சியில் அவர்களின் அலுவலக வாயில்களில் திரண்ட மக்கள், போகவேண்டாம் என மன்றாடினர். அம்மாதம் 16ஆம் நாள் ஊர்திகள் புறப்பட்டன. தன் பொறுப்பில் தவறியதை அவ்வமைப்பின் உள்ளக மீளாய்வு ஏற்றுக்கொள்ள 2012 நவம்பர் வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள் பதியப்பட்டன. 2010இலும் 2014இலும் அரசு அமைத்த ஆணைக்குழுக்கள் கிளிநொச்சியில் அமர்ந்து சாட்சியம் கேட்டன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்பதற்கு விடை கிடைக்காத தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தனர். இவை யாவற்றுக்கும் முன்னே, வீட்டுக்கொருவர் என்று விடுதலைப் புலிகள் ஆட்சேர்ப்புக்காகப் பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்ட காலமும் ஒன்று இருந்தது. அதனை மறைத்தல் இவ்வேட்டுக்கு அழகன்று. வன்னியில் பெயரை எழுதிச் சென்றவர்கள் நன்மையோடு திரும்பி வந்தது அரிது.

இந்நினைவுகளைச் சுமந்த பெற்றோரிடம் வளர்ந்தவர்களே இன்றைய இளையோர். சனசமூக நிலையத்தில் செயலமர்வு நடக்கிறது, பதாகை தொங்குகிறது, சிற்றுண்டிப் பொதியோடு வரவுத்தாளும் கைமாறுகிறது. பின்வரிசைப் பையன் தன் தொலைபேசி எண்ணின் ஈற்று இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டு, ஒளிப்படம் எடுக்கும் வேளையில் தலையைக் குனிந்துகொள்கிறான். அதனைக் குறும்பென்று கொள்ளற்க. வீட்டில் கற்ற முன்னெச்சரிக்கை அது. நிதி வழங்கியோருக்கோ அத்தாளும் அப்படமுமே பணி நிறைவேறியதற்குச் சான்றாகின்றன!

கசிப்பும் ஐஸ் போதைப்பொருளும் ஊர்களுக்குள் புகுந்துள்ள இந்நாளில், தன் பழக்கத்தை ஒருவன் வாய்விட்டுச் சொல்வதே அரிது. சொன்ன சொல் மறுவாரம் காவல் நிலையத்துக்கு எட்டுமாயின், அவனோடு அவ்வூர் இளையோர் அனைவரும் வாய்மூடிக்கொள்வர். எனினும் எல்லா இரகசியமும் காக்கத்தக்கதன்று. சிறுவர் மீதான வன்கொடுமையையும் உயிருக்கு நேரும் இடரையும் உரியவர்க்கு அறிவித்தே ஆகவேண்டும். அவ்வெல்லையை முதற் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடும் பணியாளர் சிலரை இழக்கக்கூடும். எல்லாவற்றையும் காப்பேன் என்று வாக்களித்துப் பின் மீறுபவரோ ஊரையே இழப்பார்.

ஆகவே தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தையும், மாகாண நிருவாகத்தையும், தொண்டு நிறுவனங்களையும் நாம் கேட்பது இதுவே: அவ்வவ்வூரில் வாழ்வோரையே பணிக்கு அமர்த்துக, ஐந்தாண்டுகளேனும் அவர்களை இடமாற்றாது விடுக, தலையெண்ணிக்கையை அளவுகோலாக்கும் வழக்கத்தைக் கைவிடுக, இசைவின்றி ஒளிப்படம் எடுப்பதை இன்றே நிறுத்துக. இது இயலாது, மூன்று மாதச் செயற்றிட்டத்தோடுதான் வருவோம் என்போர், வன்னிக்கு வராதிருத்தலே நன்று.